ஓடைத் தண்ணீர் கலங்கி வருகிறது: வயலுக்கு விடலாமா, மாட்டுக்குக் காட்டலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் பந்தலூர் தாலுகா, தேவாலா பக்கம். ஓடையை ஒட்டி 60 சென்ட் வயல், கரைமேட்டில் 300 நேந்திரன் வாழை, கொஞ்சம் இஞ்சி. இரண்டு கறவை மாடுகள். மேலே பழைய சுரங்கக் குழிகளில் ராத்திரியில் கல் உடைத்து, அரைத்து, தங்கத்துக்காக ஓடையில் கழுவுகிறார்கள். நான்கு மாதமாகத் தண்ணீர் கலங்கி வருகிறது. வாய்மடையில் சாம்பல் நிற மண் விரற்கடைக் கனத்துக்குப் படிந்து, காய்ந்ததும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது. ஒன்றரை எச்பி மோட்டாரில் சீல் இரண்டு முறை போய்விட்டது. பாதரசம் கலக்கிறார்கள் என்கிறார்கள். இந்தத் தண்ணீரைப் பயிருக்கு விடலாமா? மாடு குடிக்கலாமா? காய்ச்சி வடிகட்டினால் நாங்கள் குடிக்கலாமா? வாழைத்தாரை வாங்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கடைசிக் கேள்விகளுக்கு முதலில் பதில். காய்ச்சிக் குடிக்காதீர்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட ஆர்சனிக் போன்ற நச்சுகள் செறிவாகும். பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும். துணி, மணல், கரி வைத்த வீட்டு வடிகட்டியையும் இதற்கு நம்ப முடியாது. மாட்டுக்கும் சோதனை முடிவு வரும்வரை ஓடை வேண்டாம். வாழையைப் பற்றிய உங்கள் பயம் தேவைக்கு அதிகம். நீங்கள் கேட்காமல் விட்ட ஓடை மீன்தான் இதில் பெரிய ஆபத்து. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேலே நடப்பது என்ன என்று தெரிந்தால் எதைக் கவனிப்பது என்பதும் புரியும். 1880-ஐ ஒட்டி லண்டனில் பங்கு விற்றுத் தொடங்கிய கம்பெனிகள் தேவாலா, பந்தலூர் மலைகளைக் குடைந்தன. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடிக்கொண்டு போய்விட்டன. அந்தக் குழிகள்தான் இப்போது தோண்டப்படுகின்றன. இங்கே தங்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாக இருக்கிறது. கல்லை மாவாக அரைத்து, நீரோடு பாதரசத்தைச் சேர்த்தால் பாதரசம் தங்கத் துகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கலவையைத் துணியில் பிழிந்து, நெருப்பில் சுட்டால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மிஞ்சும். ஒரு கிராம் தங்கம் எடுக்கக் குறைந்தது ஒரு கிராம் பாதரசமாவது வெளியே போகிறது என்பது பொதுக் கணக்கு. அரைத்த மாவு முழுவதிலும் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் அதைப்போல் பல மடங்கு போகும். உலகம் முழுவதும் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தச் சிறு தங்கத் தொழிலில் இருந்துதான் வருகிறது. நிலம்பூர்ப் பக்கம் ஆற்று மணலை மரத்தட்டில் அலசித் தங்கம் எடுப்பது வேறு. பாதரசம் சேர்க்காதவரை அதனால் ஆற்றுக்கு வரும் கெடுதல் கொஞ்சம்தான். கெடுப்பது அரைத்த கல்மாவும் பாதரசமும்.

பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். ஓடையில் விழுந்தது அங்கேயே கல்லிடுக்கில் இறங்கி உட்காரும். பொடிப்பொடியாகச் சிதறியது கல்மாவில் ஒட்டிக்கொண்டு நகரும். ஆகவே பெரும்பகுதி இருப்பது சேற்றில், தண்ணீரில் அல்ல. கலங்கிய தண்ணீரில் எல்லாம் பாதரசம் இருக்கும் என்றும் இல்லை, தெளிந்த தண்ணீர் நல்லது என்றும் இல்லை. உங்கள் வாய்மடையில் படிந்த அந்தச் சாம்பல் மண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதை உழுது கலக்கிவிடாதீர்கள். சாதாரண வெள்ளத்தில் வந்த வண்டல் என்றால் இரண்டு விரற்கடை வரை உழுது சேர்த்துவிடச் சொல்லலாம். இது வண்டல் அல்ல, அரைத்த கல். சத்து ஏதும் இல்லை, மண்ணின் துளைகளை அடைத்து வேரை மூச்சுத் திணற வைக்கும். காய்ந்த பருவத்தில், உழுவதற்கு முன்பே, மண்வெட்டியால் மேலாகச் சுரண்டி எடுங்கள். பத்து சென்டில் ஒரு சென்டிமீட்டர் கனம் படிந்திருந்தால் 4 கன மீட்டர் மண் வரும், ஏறக்குறைய 6 டன். வேலை கொஞ்சமல்ல. ஆனால் பெரும்பாலும் வாய்மடையை ஒட்டிய சில சென்டில்தான் கனமாகப் படிந்திருக்கும். கடைமடை வரை சுரண்டத் தேவை இருக்காது. லேசாக ஈரம் தெளித்துவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சுரண்டிய மண்ணை ஓடைக்கரையில் கொட்டினால் முதல் மழையில் திரும்ப வந்துவிடும். வாழைத்தூரிலும் போட வேண்டாம். வெள்ளம் ஏறாத மேட்டில் குழி எடுத்து, அடியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, மேலே இன்னொன்றை மூடி அரை அடி களிமண் போட்டு வையுங்கள். சோதனை முடிவைப் பார்த்து மற்றதை முடிவு செய்யலாம்.

சுரண்டும்போது வெள்ளி மணி மாதிரி உருண்டை கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இரண்டு கெட்டி அட்டையால் ஒதுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடி வையுங்கள். சுடவே கூடாது. பிழிந்த கலவையை வீட்டு அடுப்பில் சுடும் குடும்பங்களில் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்தான் அதிகக் கேடு. அக்கம்பக்கத்தில் யாராவது செய்வது தெரிந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி நெல். பாதரசம் உலோகமாக இருக்கும்வரை பயிருக்குள் அதிகம் ஏறாது. காற்றுப் புகாத, நீர் தேங்கிய, மட்கு நிறைந்த சேற்றில் சில நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நச்சு இதில்தான் அதிகம், உடம்பில் தங்குவதும் இதுதான். அப்படிப்பட்ட சேற்றுக்கு நம் தேங்கு வயலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சீனாவில் பாதரசச் சுரங்கங்களை ஒட்டிய வயல்களில் விளைந்த அரிசியிலேயே மெத்தில் பாதரசம் ஏறியிருந்தது. போதாததற்கு, தங்கம் இருக்கும் கல்லில் பைரைட் என்ற கந்தகக் கனிமமும் இருக்கும். அரைத்துப் போட்டதும் அது காற்றுப் பட்டு அமிலமும் சல்பேட்டும் ஆகிறது. அந்த நுண்ணுயிரிகளுக்குச் சல்பேட் தீனி.

ஆகவே சேறு படிந்த வயலில் இந்தப் போகம் நெல்லை நிறுத்தி, ஆழமாக வடிகால் வெட்டி மேட்டுப்பாத்தியில் நேந்திரன் வைப்பது நல்லது. உங்கள் பக்கத்து வயல்களில் இது புதிய பழக்கமும் அல்ல. நெல்லை விடச் சொல்வது மனசுக்கு ஒப்பவில்லைதான். வீட்டு அரிசிக்கு நெல் வேண்டும் என்றால் சேறு ஏறாத மேல் வயலில் மட்டும் போடுங்கள், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் காட்டுங்கள். ஓர் அடி நீளக் குழாயில் துளையிட்டு, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக் கூடாது. பச்சை வைக்கோலை மடக்கி உழ வேண்டாம், மட்கவைத்த பிறகு போடுங்கள். அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதில் யூரியா. ஆர்சனிக்கும் இருப்பதாகச் சோதனையில் வந்தால் அந்த வயலின் வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள். நெல்மணியைவிட வைக்கோலில்தான் அது அதிகம் சேரும்.

வாழைக்கு வருவோம். வேர் உறிஞ்சும் பாதரசத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். காய்க்குப் போவது மிகக் குறைவு. தார் விற்பனைக்குச் சிக்கல் வர வாய்ப்பு குறைவு. வாழைக்கு நிஜமான பிரச்சினை கல்மாவுதான், தூரைச் சுற்றி ஓடு கட்டும். பாய்ச்சலுக்கு இரண்டு நாள் கழித்து லேசாகக் கொத்திவிடுங்கள். இஞ்சிக்கு இந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மேல் மண் இறுகி வடிகால் கெட்டால் கிழங்கழுகல் வந்து ஒரே மழையில் பாத்தியே போய்விடும். கீரை விஷயம் வேறு: இலைகள் பாதரச ஆவியைக் காற்றில் இருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. கலவை சுடும் இடத்துக்குக் கிட்டத்தில் கீரை போடாதீர்கள்.

தண்ணீரைத் தெளிய வைக்க, 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள் எடுத்துச் சில்பாலின் ஷீட் விரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 7,000 லிட்டர் நிற்கும். ஒன்றை நிரப்பி ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் அதில் இருந்து எடுங்கள். அதற்குள் மற்றதை நிரப்பலாம். ஓடும் தண்ணீரை ஒரே குழி வழியாக விட்டால் மணல்தான் நிற்கும், மாவு நிற்காது. உறிஞ்சு குழாயை மிதவையில் கட்டி, மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வையுங்கள். ஓடையில் இருக்கும் ஃபுட் வால்வையும் அடித்தரையில் இருந்து ஓர் அடி தூக்குங்கள். சீல் போவதும் இம்பெல்லர் தேய்வதும் அடி மணலை இழுப்பதால்தான். ராத்திரி கழுவினால் கலங்கல் உங்கள் இடத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது தெளிகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு மோட்டார் போடாமல் இருந்தாலே பாதிச் சேறு குறையும்.

தெளிய மறுத்தால் படிகாரம். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். நான்கு பாட்டில்களில் தலா ஒரு லிட்டர் ஓடைத் தண்ணீர் எடுத்து, 2, 4, 6, 8 மில்லி என்று கரைசலை விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். தெளிந்தவற்றில் எதில் குறைவாக விட்டீர்களோ அதுதான் அளவு. 4 மில்லி போதும் என்றால் 1,000 லிட்டருக்கு 40 கிராம். மலைத்தண்ணீரில் காரத்தன்மை குறைவு. படிகாரம் அதையும் தின்றுவிடும். ஆகவே படிகாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பை முதலில் கரைத்து விடுங்கள். இப்படித் தெளிந்த நீர் பாசனத்துக்கு மட்டும்தான். சேற்றோடு ஒட்டிய பாதரசம் இறங்கிவிடும், கரைந்திருப்பது இறங்காது. குழியில் சேர்ந்த கசடையும் முன்பு சொன்ன மூடிய குழிக்கே கொண்டுபோங்கள்.

ஓடையோரம் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஏடு மிதந்தால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்பு நுண்ணுயிரி, பயமில்லை. உடனே கூடிக்கொண்டால் மேலே ஓடும் இன்ஜினின் டீசல். கல்லில் எல்லாம் செங்காவி படிந்து, லிட்மஸ் போன்ற பிஎச் தாளில் 5-க்குக் கீழே காட்டினால் பைரைட் அமிலம் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்பு போடாமல் எந்தப் பயிருக்கும் விடாதீர்கள்.

மாட்டுக்குக் கூரைத் தண்ணீர் பிடியுங்கள். 1,000 சதுர அடி ஓட்டுக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், முதல் அழுக்கு நீரைத் தள்ளிவிட்டாலும் 1,800 லிட்டர் தேறும். கறவை ஒன்றுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் இரண்டுக்கும் பதினெட்டு நாள். தேவாலா மழைக்கு ஜூனில் இருந்து செப்டம்பர் வரை கவலை இல்லை. கோடைக்கு ஓடையில் இருந்து தள்ளி, மேட்டில் உள்ள கேணி. இதுவரை குடித்ததால் பாலைக் கொட்ட வேண்டாம். உலோகப் பாதரசம் பாலில் இறங்குவது குறைவு, சிறுநீரகத்திலும் ஈரலிலும்தான் சேரும். தீனி குறைந்து இளைத்தால் கால்நடை மருத்துவரிடம் இந்தத் தண்ணீர் விவரத்தையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் குடற்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்.

சோதனையில் பலர் தவறுவது இரண்டு இடத்தில். வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள், பிஎச் பார்ப்பார்கள், பாதரசம் பார்க்க மாட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையிலோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ பாதரசம், ஆர்சனிக், ஈயம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, பாட்டில். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பாதரசம் சுவரில் ஒட்டிக்கொண்டும் ஆவியாகியும் குறைந்துபோய் ‘இல்லை’ என்று முடிவு வரும். நைட்ரிக் அமிலம் சேர்த்த கண்ணாடிப் பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். அவர்கள் தோண்டும் இடத்துக்கு மேலே, அதற்குக் கீழே, உங்கள் ஃபுட் வால்வு அருகே என்று மூன்று இடத்தில் தண்ணீரும், மேலாக 5 சென்டிமீட்டர் சேறும் எடுங்கள். மேலே தனியாகப் போக வேண்டாம். துணையோடு பகலில் போங்கள், குழிக்குள் இறங்காதீர்கள். வயலில் 15 சென்டிமீட்டர் ஆழ மண், அதோடு ஓடைத் தண்ணீர் ஏறாத பக்கத்து மேட்டில் ஒரு மாதிரி. அந்த இரண்டையும் ஒப்பிட்டால் எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்குப் பாதரசம் 0.001 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம். கோடையில் ஒரு முறை, பருவமழையின் முதல் வெள்ளத்தில் ஒரு முறை எடுங்கள். தேங்கிய சேறு நகர்வது அப்போதுதான்.

அறிக்கை கையில் இருந்தால் புகாருக்கும் கனம் கூடும். வருவாய்க் கோட்டாட்சியர், வனத்துறை, கனிம வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நான்குக்கும் ஒரே மனுவைத் தேதி, நேரம், படத்தோடு கொடுங்கள். உரிமம் இல்லாமல் தோண்டுவது 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி குற்றம். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் 2018 முதல் இந்தியாவும் இருக்கிறது. ஊரார் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தோண்டுகிறவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க் கூலிக்காரர்கள்தான் என்பதால் தனி ஆள் பெயரில் போனால் பகைதான் மிஞ்சும். தேவாலா, நாடுகாணிப் பக்கத்து ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழா வழியாக நிலம்பூரில் சாலியாற்றில் சேருவதால் இது கேரளப் பக்கத்துக் குடிநீருக்கும் பாதிப்பு என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

மீன். மெத்தில் பாதரசம் பாசியில் இருந்து புழுவுக்கும், புழுவில் இருந்து சின்ன மீனுக்கும், அதில் இருந்து விராலுக்கும் போகப் போகச் செறிவு ஏறும். கழுவினாலும் பொரித்தாலும் தோலை உரித்தாலும் போகாது, சதையிலேயே இருக்கும். தோண்டும் இடத்துக்குக் கீழே பிடித்த விரால், ஆரல், நண்டு எதுவும் வீட்டுக்கு வேண்டாம். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சிறு பிள்ளைகள் ஒரு துண்டும் சாப்பிடக் கூடாது. வயல் குட்டையில் மீன் விட நினைத்திருந்தால் மழைநீர் மட்டும் நிற்கும் குட்டையில் விடுங்கள், ஓடை வாய்க்காலை அதில் இணைக்காதீர்கள். தோண்டுவது நின்ற பிறகும் சேற்றில் உள்ளது பல ஆண்டு இருக்கும். ஆகவே தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று தூண்டிலை எடுக்காமல், சேற்றையும் மீனையும் மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.