ஆளில்லா கப்பல் டிசைனுக்கு போக ஏஐ சர்டிஃபிகேட் வேணுமா?

கேள்வி: நேவல் ஆர்க்கிடெக்சர் முடிச்சு ரெண்டு வருஷமா ஒரு கப்பல் டிசைன் ஆபீஸ்ல ட்ராயிங், ஸ்டெபிலிட்டி (கப்பல் கவிழாம நிக்குமான்னு பாக்கற கணக்கு) வேலை பாக்குறேன். தானா ஓடுற கப்பல் பக்கம் போக ஆசை. ஒரு கன்சல்டன்ட், ஆறு மாச 'அட்டானமஸ் ஷிப் டிசைனர்' கோர்ஸ் ஐஎம்ஓ (ஐ.நா.வோட சர்வதேச கடல்சார் அமைப்பு) அப்ரூவ்டு, முடிச்சா வேலை நிச்சயம், ஆனா முழு ஃபீஸும் முன்னாடியே கட்டணும்ங்கறார். சேரலாமா?

பதில்: சேராதீங்க. ஐஎம்ஓ தனிப்பட்ட இன்ஸ்டிட்யூட் எதுக்கும் அப்ரூவல் குடுக்கறதே இல்ல, அந்த ஒரு பொய்யே போதும். வேலை நிச்சயம்னு சொல்றவர்கிட்ட எந்த கம்பெனி, எந்த போஸ்ட்டுக்கு ஆள் கேட்டிருக்குன்னு எழுத்துல குடுங்கன்னு கேட்டு பாருங்க, இன்னைக்கே கடைசி நாள், சீட் தீரப்போகுதுன்னு அவசரப்படுத்துவாரே தவிர எழுதி குடுக்கமாட்டார். இப்படி பணம் கட்டி ஏமாந்த பசங்க நிறைய பேர் என்கிட்ட வந்திருக்காங்க, பாக்கவே வயிறெரியுது.

ஏஐ தெரியாதுங்கற பயத்தை விடுங்க. பாதையை முடிவு பண்ற சாஃப்ட்வேரை எழுத வேற ஆளுங்க இருக்காங்க, உங்க வேலை அந்த கப்பல் மூழ்காம, கவிழாம, நடுக்கடல்ல செத்துப்போகாம பாத்துக்கறது. மேஃப்ளவர்னு 15 மீட்டர் ஆளில்லா படகு 2021-ல அட்லாண்டிக்கை தாண்ட கிளம்பி பாதியில திரும்புச்சே, காரணம் ஏஐ இல்ல, ஜெனரேட்டர் எக்ஸாஸ்ட்ல ஒரு இணைப்பு உடைஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் மறுபடி கிளம்பினப்பவும் ஜெனரேட்டர் தகராறுதான், அசோர்ஸ் தீவுல ஒதுங்கி, கடைசியில கனடாவுல ஹாலிஃபாக்ஸ் போய் நின்னுச்சு. ஆள் இருந்தா ஒரு ஸ்பானரோட கீழ இறங்கி ஏதாவது பண்ணியிருப்பாங்க. அந்த ஆள் இல்லாத குறையை டிசைன்லயே அடைக்கணும், டீசல் ஃபில்டர் அடைச்சா அடுத்ததுக்கு தானா மாறணும், கூலிங் தண்ணி இழுக்கற இடத்துல பிளாஸ்டிக் மாட்டினா இன்னொரு வழி இருக்கணும், எல்லாமே நின்னுபோனா கட்டி இழுத்துட்டு வர, கப்பலோட முன்பக்கத்துல ஒரு கொக்கியாவது ஆள் ஏறாமலே மாட்டுற மாதிரி இருக்கணும்.

வெயிட்டும் அப்படித்தான். வீல்ஹவுஸ் (கப்பலை ஓட்டற அறை), கேபின் எல்லாம் போயிட்டா மேல இருக்கற கனம் குறையும், காத்து புடிக்கற பரப்பும் குறையும், சந்தோஷம்தான், ஆனா ரேடாரும் கேமராவும் தூரம் பாக்கணும்னு மாஸ்ட்டை, அதாவது அதெல்லாம் மாட்டற கம்பத்தை, உசத்திக்கிட்டே போவாங்க, ஈர்ப்பு மையம் மறுபடி மேல ஏறும். இன்னொண்ணு, நார்வேயோட யாரா பிர்க்லாண்ட், 80 மீட்டர், 120 கன்டெய்னர் ஏத்தற கப்பல், 2022-ல சரக்கு ஓட்டத்தை தொடங்கினப்ப ஆளோடதான் ஓடுச்சு. அதனால ஆள் இருக்கற நிலை, இல்லாத நிலை ரெண்டுக்கும் நீங்க கணக்கு போடணும். இதெல்லாம் நீங்க இப்ப பாக்கற வேலையோட நீட்சிதான்.

ஏஐ பக்கம் எதுவும் தெரிய வேண்டாம்னு சொன்னதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. 24 மீட்டருக்கு கீழ உள்ள புது படகுக்கு சர்வதேச லோட் லைன் விதி (கப்பல் எவ்ளோ ஆழம் வரைக்கும் தண்ணியில அமுங்கலாம்ங்கற விதி) பொருந்தாது, கடலடி சர்வே பண்ற ஆளில்லா படகு பெரும்பாலும் இந்த அளவுக்கு உள்ளதான் வருது. அங்க டீமே நாலஞ்சு பேர்தான், ஹல் (படகோட உடம்பு) வரையறவரே ஒயரிங்கும் பாப்பார், சென்சார் டேட்டாவையும் பாப்பார், டெஸ்ட் அன்னைக்கு படகை தண்ணியில இறக்கவும் கூட நிப்பார். அந்த மாதிரி கம்பெனிக்குத்தான் போகப்போறீங்கன்னா பைத்தானும் கன்ட்ரோல் சிஸ்டம் அடிப்படையும் கத்துக்கிட்டா உண்மையிலேயே உதவும், ஆனா அதுவும் நெட்ல இலவசமா கிடைக்குது, அதுக்காகவும் அந்த கன்சல்டன்ட்டுக்கு காசு குடுக்க வேண்டியதில்ல. பெரிய கப்பல் பக்கம் போனா இது தேவைப்படாது.

இந்த இடைத்தரகர்கள் பொழைக்கறதுக்கே காரணம் விதிகள் இவ்ளோ மெதுவா வர்றதுதான். 2017-ல ஐஎம்ஓ ஆளில்லா கப்பல் பத்தி பேச ஆரம்பிச்சு, எந்தெந்த விதியை மாத்தணும்னு பாத்து முடிக்கவே 2021 ஆச்சு, கட்டாய விதி 2032 ஜனவரியில அமலாகணும்ங்கறது இலக்கு. கண்ணாலயும் காதாலயும் கவனிச்சுக்கிட்டே போகணும்னு 1972-ல எழுதின விதியை கேமராவுக்கு எப்படி பொருத்தறதுன்னு க்ளாஸ்காரங்களை (கப்பல் டிசைனை சோதிச்சு சான்று குடுக்கற க்ளாஸ் சொசைட்டி) கேட்டா கொடி நாட்டை (கப்பல் பதிவாகியிருக்கற நாடு) கேளுங்கம்பாங்க, அங்க போனா க்ளாஸை கேளுங்கம்பாங்க. டிசைன் பண்றவன் நடுவுல நிக்கறான்.

கம்பெனி தேடும்போதும் ஒரு பொறி இருக்கு. 'அப்ரூவல் இன் பிரின்சிபிள்'னு ஒரு காகிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. அது யோசனை அளவுல பெரிய தடை எதுவும் தெரியலன்னு க்ளாஸ் சொசைட்டி சொல்றது, அவ்ளோதான். கப்பல் கட்ட அனுமதியும் இல்ல, ஓட்ட அனுமதியும் இல்ல. அதனால இன்டர்வியூல நீங்களும் கேளுங்க: முழு டிசைனும் க்ளாஸ்ல பாஸ் ஆச்சா, படகு தண்ணியில ஓடியிருக்கா, ஸ்டெபிலிட்டி புக்லெட்டுக்கு (அந்த கணக்கெல்லாம் இருக்கற கையேடு) யார் பொறுப்பு? மூணாவது கேள்விக்கு ஒரு ஆளை கைகாட்ட முடியலன்னா அந்த ஆஃபரை எடுக்காதீங்க.