திருவிழா இரவில் போன் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது ஏன்? பழைய கமராவில் ஏன் வருவதில்லை?

நீங்கள் கேட்டது இது: நல்லூர்ச் சப்பறத்தன்று வீதியில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் நகர்கின்றன. அப்பாவின் பழைய சோனி பிடி170 வீடியோக் கமராவில் இப்படி வந்ததேயில்லை. புதுப் போனின் சென்சர் பழுதா?

பழுதில்லை. எங்கள் கறண்ட் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி லைற்றுகளின் டிரைவர் சுற்றில் அலையைச் சமப்படுத்தும் கொள்ளளவி சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இராது. அதனால் அந்த லைற் ஒரு அலைக்கு இருமுறை வீதம் செக்கனுக்கு 100 முறை, அதாவது 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை மங்கி எழும். பழைய சோக் வைத்த ரியூப் லைற்றும் அப்படித்தான். குண்டு பல்பில் இழை ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுவதால் அவ்வளவு தெரியாது.

போனில் இருப்பது சீமொஸ் சென்சர். அது படத்தை வரிவரியாக வாசிக்கிறது. லைற் மங்கிய கணத்தில் ஒளி வாங்கிய வரிகள் கறுப்பாகவும், எழுந்த கணத்தில் வாங்கியவை வெளிச்சமாகவும் பதியும். போனைப் படுக்கையாகப் பிடித்தால் பட்டை குறுக்கே வரும், நிமிர்த்திப் பிடித்தால் நெடுக்கே வரும். சென்சரின் வரிகள் அதன் நீளப் பக்கத்தோடு ஓடுவதுதான் காரணம்.

பிடி170 இல் இருப்பவை சிசிடி என்ற வேறு வகைச் சென்சர்கள் மூன்று. (சிசிடி 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் பொயிலும் சிமித்தும் உருவாக்கியது, 2009 இல் அதற்கு நோபல் பரிசு.) அந்த வகை கமராவில் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒளி வாங்கி ஒரே நேரத்தில் மூடும், ஆகவே பட்டைக்கு இடமில்லை. ஆனால் முழுப் புகழையும் சிசிடிக்குக் கொடுக்க மாட்டேன். இங்கே பாவிப்பது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக் கமரா, செக்கனுக்கு 50 அரைப்படம். ஒவ்வொன்றுக்கும் லைற்றின் சரியாக இரண்டு துடிப்புகள் கிடைக்கும். போன் கடையில் இருந்து வரும்போதே செக்கனுக்கு 30 பிறேமில் நிற்கும், ஷட்டர், அதாவது ஒரு படம் ஒளி வாங்கும் நேரம், பல வேளைகளில் 1/60 செக்கன். 1/60 செக்கனில் விழுவது ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பின்னம்தான் பட்டை.

ஆகவே செய்ய வேண்டியது 25 பிறேம், ஷட்டர் 1/50. வெளிச்சம் கூடினால் 1/100. இரண்டும் 10 மில்லிசெக்கனின் முழு மடங்குகள். இதில் முக்கியம் ஷட்டர்தான்: 30 பிறேமிலும் 1/50 வைத்தால் பட்டை அடங்கிவிடும். ஐபோனில் கமரா அமைப்புக்குள் வீடியோப் பகுதியில் பால் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால்தான் 25 தெரியும். ஷட்டரைக் கையால் பூட்ட இலவசமான பிளாக்மாஜிக் கமரா செயலி போதும். அன்ட்ரொயிட்டில் புரோ வீடியோ முறை இருந்தால் அதிலேயே செய்யலாம்.

வீதியில் ஜெனரேற்றர் ஓடினால் கதை மாறும். சாதாரண டீசல் ஜெனரேற்றர் சுமை குறைந்தால் 52 ஹேர்ட்ஸ் வரை ஏறும், சுமை ஏற இறங்கும். அப்போது 1/50 இலும் மெல்லிய பட்டை மிஞ்சும். ஷட்டரை இன்னும் நீட்டி 1/25 ஆக்கினால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள், கணக்குப் போட்டால் மிச்சம் ஏறத்தாழ அதேயளவுதான். ஷட்டரைச் சிறுகச் சிறுக நகர்த்தக்கூடிய கமராவில் திரையைப் பார்த்தபடி 1/52 பக்கம் கொண்டுபோங்கள். இன்வேட்டர் வகை ஜெனரேற்றரில் இந்தத் தொல்லை இல்லை. ஓடி ஓடி எரியும் அலங்கார லைற்றுகள் தம் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் தாளத்தில் துடிப்பவை. அவற்றை எந்த ஷட்டரும் முழுதாக அடக்காது, படச் சட்டத்துக்கு வெளியே விடுவதே வழி.

ஒரு கமராவின் சென்சர் எவ்வளவு வேகமாக வாசிக்கிறது என்று நீங்களே அளக்கலாம். வேறு லைற் இல்லாத இடத்தில், மின்னும் எல்ஈடி பல்புக்கு எதிரே வெள்ளைச் சுவரை ஓசையில்லா (எலெக்ரோனிக்) ஷட்டரில் 1/1000 இல் படமெடுங்கள். கறுப்புப் பட்டைகளை எண்ணிப் பத்தால் பெருக்கினால், சென்சர் ஒரு படத்தை வாசிக்க எடுக்கும் மில்லிசெக்கன் கிட்டத்தட்டக் கிடைக்கும். பாவித்த கமரா வாங்கும்போது கடையிலேயே பார்க்கலாம். இரண்டு பட்டையென்றால் சுமார் 20. அந்தக் கமராவைச் சட்டென்று திருப்பினால் கோபுரம் சாயும்.

வாசிக்கும் சுற்றைச் சென்சருக்கு அடியில் அடுக்கிய அடுக்குச் சென்சர்கள் இந்த வாசிப்பு நேரத்தை மிகவும் சுருக்கிவிட்டன. நிக்கொன் இசட்9 (2021) பொறிமுறை ஷட்டரே இல்லாமல் வந்தது அதனால்தான். சோனி ஏ9 III (2023) எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் எடுக்கிறது. அதற்கு விலையும் உண்டு: ஒவ்வொரு புள்ளியிலும் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்க இடம் வேண்டும், அதன் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 250 இல்தான் தொடங்குகிறது. அதிலும் வேகமான ஷட்டரில் பட்டைதான் போகும், துடிப்புப் போகாது. ஒரு படம் மங்கல், அடுத்தது வெளிச்சம் என்று வரும்.

ஏற்கெனவே எடுத்ததைத் திருத்த டாவின்சி ரிசோல்வ் என்ற வீடியோ எடிற்றிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் துடிப்பு நீக்கி இருக்கிறது. மெல்லிய பட்டைக்கு உதவும். கடும் கறுப்பில் நிறம் பதியவே இல்லை, அதை மீட்க முடியாது.