சோதனை ராக்கெட் வெடித்தால் பொறியாளர்கள் ஏன் கைதட்டுகிறார்கள்?

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதல்முறை பறந்து சிதறியபோது ஊழியர்கள் ஆரவாரம் செய்த காணொளியைப் பார்த்துவிட்டு, தோல்வியில் அப்படி என்ன கற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிங்கப்பூரில் விமான எஞ்சின் பராமரிப்பில் வேலை செய்கிறேன். ஒரு பிளேடில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த எஞ்சினை விமானத்தில் மாட்டமாட்டோம். அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், அந்தக் கைதட்டலில் பெரும்பகுதி நியாயமானதுதான்.

2023 ஏப்ரல் 20. டெக்சஸில் காலை 8.33, நமக்கு இரவு 9.33. வீட்டில் எல்லாரும் டிவி முன்னால்தான் இருந்தோம். 33 எஞ்சின்களில் மூன்று கிளம்பும்போதே எரியவில்லை, ஏற ஏற இன்னும் சில அணைந்தன. சுமார் 39 கிலோமீட்டர் உயரம்வரை போய், கரணமடித்து, நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு வெடிப்புதான் தெரியும். உண்மையான தோல்வி அதற்கு முன்பே நடந்துவிட்டது. வால்பகுதியில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்து, முதன்மைக் கணினியுடன் இருந்த இணைப்பு அறுந்துபோனது. அதைவிட என்னை உலுக்கியது வேறு. வழிதவறிய ராக்கெட்டை உடைக்க வேண்டிய பாதுகாப்பு அமைப்பு இயங்கிய பிறகும் ராக்கெட் உடனே உடையவில்லை, எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்தது. பறக்கவிட்டதால்தான் இது தெரிந்தது.

கேள்விக்கான பதில் அடுத்தடுத்த பயணங்களில் இருக்கிறது. முதல் பழுதைச் சரிசெய்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் பழுது கண்ணில் படும். அதே ஆண்டு நவம்பரில் 33 எஞ்சின்களும் எரிந்தன, இரண்டு பாகங்களும் பிரிந்தன. உடனே புதுப் பிரச்சினை: கீழ்ப்பாகத்தில் திரவ ஆக்சிஜன் போகும் வடிகட்டி அடைத்துக்கொண்டதாகக் கணித்தார்கள். மேல்பாகத்திலோ, சோதனைக்காகக் கூடுதலாக ஏற்றியிருந்த ஆக்சிஜனை வெளியேற்றும்போது தீப்பிடித்தது. 2024 மார்ச்சில் விண்வெளியைத் தொட்டுத் திரும்பும்போது, மேல்பாகத்தின் உருளலைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் அடைத்துக்கொண்டு அது எரிந்துபோனது. ஜூனில் இறக்கை எரிந்து ஓட்டை விழுவது கேமராவில் நேரலையாகத் தெரிந்தது. அந்த இறக்கையோடே இந்தியப் பெருங்கடலில் மெதுவாக இறங்கியது! அன்று நானும் எழுந்து நின்று கைதட்டினேன். இறக்கைகளை வெப்பம் குறைவாகப் படும் பக்கமாக நகர்த்த வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு முன்பே இருந்தது. ஏன் நகர்த்த வேண்டும் என்பதை அந்தக் காட்சி எல்லாருக்கும் காட்டிவிட்டது.

ஆனால் எல்லாத் தோல்வியையும் பாடம் என்று நான் ஏற்கமாட்டேன். முதல் பயணத்தில் ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பறந்ததே, அது அவசரத்தால் வந்தது. தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கும் எஃகுத் தகடு அப்போதே தயாராகிக்கொண்டிருந்தது, காத்திருந்திருக்கலாம். 2025 ஜனவரியில் ஏழாவது பயணம் சிதறியபோது துண்டுகள் கரீபியன் பகுதியிலுள்ள டர்க்ஸ் கைகோஸ் தீவுகள் பக்கம் விழுந்தன, பயணிகள் விமானங்களைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. சம்பந்தமில்லாத பயணிகளை ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் சோதனைக்கு என்னால் கைதட்ட முடியாது.

சரி, நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம். ஸ்டார்ஷிப் சிதறி இரண்டே நாளில், நோன்புப் பெருநாளன்று, சிங்கப்பூரின் 741 கிலோ எடைகொண்ட டெலியோஸ்-2 செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் சென்றது. 1993 செப்டம்பரில் தன் முதல் பயணத்திலேயே தோற்ற ராக்கெட் அது. இரண்டாம் கட்டம் பிரியும் நேரத்தில் தடுமாறியது, மென்பொருளிலும் பிழை இருந்தது. இஸ்ரோ காரணத்தைத் தோண்டி எடுத்து, 1994 அக்டோபரில் வென்றது. தோற்ற ராக்கெட் அனுப்பிய தரவு மட்டும் இல்லையென்றால் அந்தப் பிழையை எங்கே போய்த் தேடியிருப்பார்கள்?

அடுத்த ஸ்டார்ஷிப் ஏவுதலைப் பார்த்தால், தீப்பிழம்பை விட்டுவிட்டுத் திரையின் அடியில் எஞ்சின்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகளைக் கவனியுங்கள். எந்தப் புள்ளி, எந்த விநாடியில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிறுவனம் காரண அறிக்கை வெளியிடும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் மகளும் நானும் இப்போது அப்படித்தான் பார்க்கிறோம்.