இருவர் மட்டும் வாழும் வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் லாபமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில், 1930களில் கட்டப்பட்ட மூன்று படுக்கையறை வீட்டில் நானும் என் கணவரும் வாழ்கிறோம். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 780 பவுண்ட் கட்டுகிறோம். எங்கள் வீட்டில் மீட்டர் இல்லை. மீட்டருக்கு மாறினால் பில் குறையும் என்று மகள் சொல்கிறாள். அடுத்த வீட்டிலோ மீட்டர் போட்ட பிறகு பில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டதாம். கிளாஸ்கோவில் இருக்கும் என் தங்கையும் "அந்த வேலையே வேண்டாம் அக்கா" என்கிறாள். என் கணவர் கோடையில் தோட்டத்துக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் விடுவார். மகன், மருமகள், கைக்குழந்தை மூவரும் வந்து ஓராண்டு எங்களுடன் தங்கலாம் என்ற பேச்சும் இருக்கிறது. நாங்கள் மாறலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா, உங்கள் வீட்டில் இன்று இருக்கும் இருவரை மட்டும் வைத்துப் பார்த்தால், மாறுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் மகன் குடும்பத்தின் வருகைதான் இந்த முடிவில் மிகப் பெரிய பங்கு வகிக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்த 780 பவுண்ட் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

மீட்டர் இல்லாத வீடுகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பில் போடப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது அந்த வீட்டின் 'ரேட்டபிள் வால்யூ' என்ற பழைய மதிப்பு. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று 1973ஆம் ஆண்டுப் பட்டியலுக்காக அரசு மதிப்பீட்டாளர்கள் கணித்த தொகை அது. உள்ளாட்சி வரிக்கு இந்த மதிப்பைப் பயன்படுத்தும் முறை இங்கு 1990இல் ஒழிந்தது. தண்ணீர் பில்லில் மட்டும் அது இன்னமும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் குழாயைத் திறந்தாலும் மூடினாலும், வீட்டில் இருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும், அந்த எண் அசையாது. ஆகவே உங்கள் 780 பவுண்ட், நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரின் விலை அன்று. அரை நூற்றாண்டுக்கு முன் உங்கள் வீட்டின் அளவையும் அது இருந்த தெருவையும் பார்த்து ஒருவர் எழுதி வைத்த எண்ணின் விலை. பெரிய வீட்டில் சிலர் மட்டும் வாழும்போது மீட்டர் லாபமாக இருப்பதற்கும், சிறிய வீட்டில் பலர் நெருங்கி வாழும்போது அது நட்டமாக முடிவதற்கும் காரணம் இதுவே. படுக்கையறைகளின் எண்ணிக்கையைவிட ஆட்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மீட்டரைப் பற்றி யோசிக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கும் இதிலிருந்து பிறந்ததுதான். அது ஒரு தொடக்கம். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

மீட்டர் பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம். மற்றது, ஒவ்வொரு கன மீட்டருக்கும், அதாவது ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும், தண்ணீருக்கு ஒரு விலையும் அதே தண்ணீர் கழிவாக வெளியேறுவதற்கு ஒரு விலையும். கழிவுநீர்ப் பகுதியை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் பலர். கீழே நான் நிலைக்கட்டணம் மொத்தம் 70 பவுண்ட் என்றும், ஒரு கன மீட்டருக்கு இரண்டும் சேர்த்து 4.60 பவுண்ட் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். உங்கள் தண்ணீர் நிறுவனத்தின் இந்த ஆண்டுக் கட்டண அட்டவணையை எடுத்து, அதிலுள்ள எண்களை இந்த இடங்களில் இட்டுப் பாருங்கள்.

780இல் 70ஐக் கழித்தால் 710. அதை 4.60ஆல் வகுத்தால் 154 கன மீட்டர் வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 420 லிட்டர். இந்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை மீட்டர் உங்களுக்கு லாபம், தாண்டினால் நட்டம். இனி, இருவர் உள்ள வீட்டில் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 9 லிட்டர் விழும் ஷவரில் இருவரும் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் 180 லிட்டர். கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை இழுத்தால் 6 லிட்டர் என்று கொண்டு, பத்து முறைக்கு 60. வாரத்துக்கு நான்கு முறை துணி துவைத்தால், ஒருமுறைக்கு 50 லிட்டர் என்று வைத்து, ஒரு நாளுக்கு 30ஐ ஒட்டி வரும். அரிசி களைவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து இன்னொரு 50. மொத்தம் 320 லிட்டர், ஆண்டுக்கு 117 கன மீட்டர். பில் 608 பவுண்ட். ஆண்டுக்கு 172 பவுண்ட் மிச்சம்.

இந்தக் கணக்கில் உங்கள் கவனம் போக வேண்டிய இடம் குளியலறை. பத்து நிமிடக் குளியலைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஷவர் எந்த வகை என்பதுதான் கேள்வி. மின்சாரத்தால் அப்போதைக்கப்போது சூடாக்கித் தரும் சாதாரண ஷவரில் தண்ணீர் மெல்லத்தான் வரும். பம்ப் வைத்து அடிக்கும் பவர் ஷவரோ நிமிடத்துக்கு 15 லிட்டர்வரை கொட்டும். அதில் அதே இரண்டு குளியலுக்கு 300 லிட்டர் போய்விடும். மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தாலும் உங்கள் நாள் கணக்கு 440ஐத் தொட்டு, லாபம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் கரைந்துவிடும். ஒரு வாளியை ஷவரின் கீழே வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, எத்தனை லிட்டர் சேர்கிறது என்று அளந்து பாருங்கள். கழிப்பறையையும் அப்படியே பார்க்க வேண்டும். 2001க்குப் பிறகு பொருத்தப்படும் புதிய கழிப்பறைகளில் ஒருமுறைக்கு 6 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதற்கு முந்தைய தொட்டிகளில் பல 9 லிட்டரும் அதற்கு மேலும் குடிக்கும்.

உங்கள் கணவரின் தோட்டத்துக்கு வருகிறேன். தோட்டக் குழாயில் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் லிட்டர்வரை போகும். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம் என்றால் 18 கன மீட்டர், ஏறக்குறைய 83 பவுண்ட். மேலே சொன்ன மிச்சத்தில் பாதி அதில் போய்விடும். ஆனாலும் லாபத்தில்தான் இருப்பீர்கள். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயோடு ஒரு பீப்பாயை இணைத்து, பூவாளியால் தண்ணீர் விட அவர் இணங்கினால் இந்த 83இல் பெரும்பகுதி மிஞ்சும். இணங்காவிட்டால், ஒரு மனிதருக்கு ஓய்வுக்காலத்தில் 83 பவுண்டுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைப்பது அரிது என்று விட்டுவிடுங்கள்.

அடுத்த வீட்டுக்காரரின் பில் இரட்டிப்பானதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்: அங்கே ஆட்கள் அதிகமாக இருக்க வேண்டும், அல்லது கழிப்பறை ஒழுக வேண்டும். இரண்டாவதைப் பலர் நம்ப மாட்டார்கள். பொத்தானை அழுத்தி இழுக்கும் இக்காலத் தொட்டிகளின் அடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது தேய்ந்துவிட்டால் தண்ணீர் இரவும் பகலும் கழிப்பறைப் பீங்கானின் உட்புறப் பின்சுவரோடு சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும். இத்தகைய ஒழுக்கு ஒரு நாளுக்கு 200 லிட்டர், மோசமானால் 400 லிட்டர்வரை போகும். 400 என்று வைத்தால் ஆண்டுக்கு 146 கன மீட்டர். மேலே வைத்த விலையில் 670 பவுண்ட். மீட்டர் இல்லாதவரை அது யாருக்கும் தெரியாது, யாருக்கும் வலிக்காது. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்: இரவில் கடைசியாகப் பயன்படுத்தி அரை மணி நேரம் கழித்து, பீங்கானின் உட்புறப் பின்சுவரைத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் ஒரு காய்ந்த டிஷ்யூத் தாளை ஒட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் தாள் நனைந்தோ கிழிந்தோ இருந்தால் ஒழுகுகிறது என்று பொருள். தொட்டிக்குள் நிறம் கலந்து பார்க்கும் முறையும் உண்டு. அதற்காக மஞ்சள்தூளைக் கொட்டிவிடாதீர்கள், கறையைத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும்.

இனி மகன் குடும்பம். பெரியவர்கள் இருவரும் ஒரு கைக்குழந்தையும் வந்தால், குழந்தையின் துணிகளையும் சேர்த்து நாள் கணக்கு 520 லிட்டருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 190 கன மீட்டர். பில் 944 பவுண்ட். இப்போது கட்டுவதைவிட 164 பவுண்ட் அதிகம். இருவராக ஓராண்டு மிச்சம் பிடிப்பதை அவர்கள் தங்கும் ஓராண்டு ஏறக்குறைய அப்படியே விழுங்கிவிடும். பேரக்குழந்தை வீட்டில் இருக்கும் ஆண்டில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நிமிடத்தை எண்ணும் நிலைக்கு உங்களை நீங்களே ஆளாக்கிக்கொள்வதை நான் விரும்பவில்லை.

இங்கேதான் சட்டம் உங்களுக்கு ஒரு வசதி தருகிறது. 1999ஆம் ஆண்டின் நீர்த்தொழில் சட்டத்துக்குப் பிறகு, ஏப்ரல் 2000 முதல், வீட்டுக்காரர் கேட்டால் நிறுவனம் இலவசமாக மீட்டர் பொருத்த வேண்டும். நீங்களாகக் கேட்டு வாங்கிய மீட்டர் பிடிக்காவிட்டால், 12 மாதங்களுக்குள் பழைய முறைக்கே திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. சில நிறுவனங்கள் இதைவிட நீண்ட காலமும் தருகின்றன. மீட்டர் சுவரில் இருந்தபடியே இருக்கும், பில் மட்டும் பழைய கணக்குக்குப் போகும். அந்தக் கெடு கடந்துவிட்டால் திரும்ப வழியில்லை. நீங்கள் கேட்காமல் நிறுவனமே கட்டாயமாகப் பொருத்தும் இடங்களிலும் இந்த உரிமை கிடையாது. தண்ணீர்த் தட்டுப்பாடு மிக்க பகுதிகளாக அறிவிக்கப்பட்ட பல இடங்களில் அப்படிப் பொருத்தி வருகிறார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது. மகன் வருவது உறுதியாகி, பயணச்சீட்டு எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்றால், இப்போது ஒன்றும் செய்யாதீர்கள்; அவர்கள் தனி வீடு பார்த்துப் போகும் மாதத்தில் விண்ணப்பியுங்கள். அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது என்றால், பேச்சுக்காக ஆண்டுக்கு 172 பவுண்டை விட்டுக்கொடுக்க வேண்டாம்; இப்போதே விண்ணப்பித்து, திரும்பும் உரிமை முடியும் தேதியை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, நாட்காட்டியில் அதற்கு ஒரு மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு முன் அவர்கள் வந்து, நீண்ட காலம் தங்கப்போவதாகத் தெரிந்தால் பழைய முறைக்குத் திரும்பிவிடலாம். ஏப்ரல் 2025இல் இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளின் சராசரித் தண்ணீர் பில் 480 பவுண்டிலிருந்து 603 பவுண்டாக உயர்ந்தது. 2030வரை உயர்வுகளுக்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட் ஒப்புதல் தந்திருக்கிறது. இரு வகைப் பில்லும் ஏறும்போது இடைவெளியும் பெருகும். ஏறும் பில்லைக் குறைக்க உங்கள் கையில் ஏதாவது இருப்பது மீட்டரில் மட்டும்தான்.

மீட்டர் பொருத்த முடியாது என்று அவர்கள் கைவிரித்தாலும் ஏமாற்றமடைய வேண்டாம். அப்படிப்பட்ட வீடுகளுக்கு மதிப்பீட்டுக் கட்டணம் என்ற வேறு கணக்கு உண்டு. அது உங்கள் இப்போதைய பில்லைவிடக் குறைவாக இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். கூரையில் விழும் மழைநீர் உங்கள் தோட்டத்து மண்ணுக்குள்ளேயே இறங்கி, தெருச் சாக்கடைக்குப் போகவில்லை என்றால், மீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழைநீர் வடிகால் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மீட்டர் வந்த பிறகு, மாதம் ஒருமுறையாவது நீங்களே அதைப் படியுங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர், பில் அவற்றுக்குத்தான்; சிவப்பு எண்கள் லிட்டர், அவை ஒழுக்கைக் காட்டிக்கொடுப்பவை. என் வீட்டில் அது நடைபாதைக்கு அடியில், சேறு படிந்த ஒரு வட்ட மூடிக்குள் இருக்கிறது; முதல் பில் அனுமானத்தில் வந்தபோது முழங்காலிட்டு அதைத் திறந்து எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன், அடுத்த பில்லில் 60 பவுண்ட் குறைந்தது. உங்களுக்கு வீட்டுக்குள், சமையலறைத் தொட்டியின் கீழே பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் செய்வார்கள்.

உங்கள் தங்கை சொன்னதும் தவறில்லை. அது அவருக்குப் பொருந்தும். கிளாஸ்கோ இருக்கும் ஸ்காட்லாந்தில் தண்ணீர்க் கட்டணம், கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியில் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்துப் போடப்பட்டு, அந்த வரியோடு சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. மீட்டர் வேண்டும் என்பவர் பொருத்தும் செலவைத் தாமே ஏற்க வேண்டும். அங்கே இருந்தால் நானும் "வேண்டாம் அக்கா" என்றுதான் சொல்லியிருப்பேன்.