மலைப்பாதையில் யாருக்கு முதல் வழி?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களை ஒட்டிய மண்பாதையில் மிதிவண்டி ஓட்டும்போது குதிரை குறுக்கிட்டால் யார் ஒதுங்க வேண்டும்?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். மிதிவண்டிக்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும், நடப்பவர் குதிரைக்கும் வழிவிடுவதே பல நாடுகளில் நிலவும் மரபு. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் நேர் பின்னால் வருவது அதற்குத் தெரியாது. சில்வர் ஓக் சருகின் மீது சக்கரம் திடீரெனச் சரசரத்தால் மிரண்டு பாயும், அல்லது உதைக்கும். ஆகவே, பின்னாலிருந்து நெருங்கும்போது தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, மணியடிக்காமல், "அண்ணே, பின்னால் வருகிறேன்" என்று இயல்பான குரலில் சொல்லி, குதிரைக்காரர் சைகை காட்டிய பிறகே கடந்து செல்லுங்கள். எதிரே வந்தால் இறங்கி, பாதுகாப்பான இடமிருந்தால் சரிவின் கீழ்ப்புறமாக நில்லுங்கள். மேட்டில் நிற்கும் உருவம் குதிரையை அச்சுறுத்தும். நடந்துவரும் முதியவர்களிடமும் இதே பொறுமையைக் காட்டுங்கள் என்று உங்களை மனமார வேண்டுகிறேன்.