புகைக்கு வக்காலத்தா?

வணக்கம் சார்,

ஏரோசால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளிர வைக்கின்றன என்கிறீர்கள். கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் குறைத்ததும் கடல் சூடாகிவிட்டது என்று வேறோர் இடத்தில் படித்தேன். அப்படியென்றால் காற்றைச் சுத்தம் செய்வதே தப்பா? இது ஆலைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குவது போல இல்லையா? இன்னொன்று, இத்தனை வருடம் ஆராய்ந்தும் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றே சொல்கிறார்களே, அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கயல்விழி

அன்புள்ள கயல்விழி,

வக்காலத்து இல்லை. ஆனால் நீங்கள் அப்படிப் படித்ததற்கு நானும் ஒரு காரணம், ஏனென்றால் துகளின் ஆயுளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு நுண்துகள் சராசரியாக ஒரு வாரம் இருக்கும், அதற்குள் மழை கழுவிவிடும். கரியமில வாயு அப்படியில்லை, இன்று விட்டதில் ஒரு பங்கு பல நூறு வருடங்கள் கழித்தும் மேலேயே இருக்கும். ஆக, புகையால் பூமியைக் குளிர வைக்கிறேன் என்று கிளம்பினால் வாராவாரம் புகையை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அடியில் சூடு சேர்ந்துகொண்டே போகும், என்றைக்கு நிறுத்துகிறோமோ அன்றைக்கு அத்தனையும் வெளியே தெரியும். கப்பல் விஷயத்தில் நடந்தது இதுதான். 2020 ஜனவரியில் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கினார்கள். கப்பல் போன வழியில் கோடு போட்டதுபோல் தெரியும் வெள்ளை மேகங்கள் வெகுவாகக் குறைந்தன. அதனால் வெப்பம் எவ்வளவு கூடியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் அந்தச் சூடு கந்தகத்தைக் குறைத்ததால் பிறந்ததல்ல, ஏற்கெனவே இருந்தது. இதற்கிடையில் அந்த ஒரு வாரத்துக்குள் துகள் நுரையீரலுக்குள்ளும் போகிறதே, அந்தக் கணக்கை யார் எழுதுவது?

1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது பூமி ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்ததைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அது மழையே இல்லாத உயரத்துக்குப் போன கந்தகம், அதனால் ஓரிரு வருடம் தாக்குப்பிடித்தது. புகைபோக்கிப் புகைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதோடு எல்லாத் துகளும் குளிர வைப்பதுமில்லை, கரித்துகள் வெயிலை விழுங்கிச் சூடாக்கும்.

சரி, "உறுதியாகச் சொல்ல முடியாது" விஷயம். இங்கேதான் எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை. ஒருமுறை ஓர் ஆய்வகத்தில், காற்றிலுள்ள துகளைப் பிடிக்கும் வடிதாளை ஒரு பெண் எடை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தாள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்தால் அதன் வழியாக 24 கன மீட்டர் போகும். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டு சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். காற்று அந்த அளவுக்குச் சுத்தமாக இருந்தால் தாளில் கூடும் எடை 0.12 மில்லிகிராம், அவ்வளவுதான். விரல் பட்டால் போச்சு. அறையின் ஈரப்பதம் மாறினாலும் எடை மாறும் என்பதால் தாளை ஒரு நாள் அங்கேயே கிடத்தி வைத்துவிட்டு, பிறகு இடுக்கியால் எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பெண் தராசின் கண்ணாடிக் கதவை மூடும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

எடையாவது பரவாயில்லை, மேகம்தான் தலைவலி. 1880களில் ஜான் எய்ட்கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கண்ணாடிக் கலத்தில் சாதாரணக் காற்றையும் இன்னொன்றில் பஞ்சில் வடிகட்டிய காற்றையும் வைத்து இரண்டுக்குள்ளும் நீராவியை விட்டார். முதலாவதில் மூடுபனி கட்டியது, இரண்டாவதில் ஒன்றுமில்லை. துளி உட்கார ஒரு தூசி வேண்டும். தூசி கூடினால் அதே தண்ணீர் நிறையத் துளிகளாகப் பிரியும், துளி சிறுத்து மேகம் இன்னும் வெளுக்கும், வெயில் அதிகம் திரும்பும். இதில் மனிதப் புகையின் பங்கைப் பிரிக்க வேண்டுமானால் ஆலைகள் வருவதற்கு முன், 1750 வாக்கில், மேகங்கள் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். அன்றைக்கு யார் அளந்தார்கள்? அதனால்தான் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை ஏரோசாலின் மொத்தக் குளிர்ச்சியை சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்று போட்டுவிட்டு, 0.4ஆகவும் இருக்கலாம் 1.7ஆகவும் இருக்கலாம் என்கிறது. எவ்வளவு என்பதில்தான் இத்தனை இழுபறி, உண்டா இல்லையா என்பதில் இல்லை.

ஆராய்ச்சிக் கருவி எதுவும் இல்லாமல் நீங்களே ஒன்று பார்க்கலாம். மேகமில்லாத நாளில் சூரியன் ஒரு சுவருக்குப் பின்னால் முழுதாக மறையும்படி நின்று, அதை ஒட்டிய வானத்தை மட்டும் பாருங்கள் (சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள்). நீலம் சுவர் விளிம்புவரை வந்தால் மேலே துகள் குறைவு, விளிம்பைச் சுற்றிப் பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தால் அதிகம். ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.