நூடுல்ஸ் குழம்பாகிவிட்டதே ஆச்சி!

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அங்கே சாப்பிடுகிற பன்றிக் கொத்துக்கறி நூடுல்ஸ் வேண்டும் என்றான். வெண்பன்றிக் கறி வாங்கி, இஞ்சி பூண்டு விழுது, மல்லித்தூள், மிளகாய்த்தூள், தக்காளி எல்லாம் போட்டுச் செய்தேன். கறி தண்ணீர் விட்டுக்கொண்டது, நூடுல்ஸ் களியாகிவிட்டது. "குழம்பு நல்லா இருக்கும்மா" என்கிறான். எங்கே தப்பு? அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி சொல்லுங்கள் ஆச்சி.
- வாசகி, தேவகோட்டை

பதில்: இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். சிங்கப்பூரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, காரைக்குடியிலிருந்து கொண்டுபோன கறிமசாலாவை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். பேத்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆயா, இதுக்கு இட்லி இருக்கா?" என்றாள்.

நம் கைக்கு மசாலா போட்டுத்தான் பழக்கம். இந்தச் சாப்பாட்டுக்கு அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும். மல்லித்தூள், மஞ்சள்தூள், தக்காளி, தேங்காய் எதுவும் வேண்டாம். அதற்காக நம் அஞ்சறைப்பெட்டிக்கு வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். சீனர்கள் ஐந்து மசாலாப் பொடி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, சோம்பு, அப்புறம் நாக்கை மரத்துப்போக வைக்கிற சிச்சுவான் மிளகு. ஐந்தில் நான்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது! அன்னாசிப்பூவுக்குத் தென்சீனமும் வியட்நாமும்தான் தாய்வீடு. நாம்தான் கல்பாசியோடு சேர்த்து நம்முடையதாக்கிக்கொண்டோம். ஒரு அன்னாசிப்பூ, இரண்டு கிராம்பு, விரல்நுனி அளவு பட்டை, அரைத் தேக்கரண்டி சோம்பு, கொஞ்சம் மிளகு. லேசாக வறுத்துப் பொடித்து, அதில் அரைத் தேக்கரண்டி மட்டும் எடுங்கள். மிச்சத்தைக் கோழி வறுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி கறி. நான்கு பேருக்கு 300 கிராம் போதும். முன்காலுக்கு மேலே இருக்கும் சப்பைக்கறியாகக் கேளுங்கள். தோலை எடுத்துவிட்டு, நாலு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். நான் வாங்குகிற கடையில் பன்றிக்கறியைக் கொத்தித் தர மாட்டார்கள், துண்டாகத்தான் போடுவார்கள். வீட்டுக்கு வந்து கனமான கத்தியால் கொத்திக்கொள்வேன். கோலா உருண்டைக்கு அரைப்பது போல மைய அரைத்தால் மாவாகிவிடும், கொஞ்சம் பரபரவென்றே இருக்கட்டும்.

இருப்புச்சட்டியை நன்றாகக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பிவிடுங்கள். உப்பு போடாதீர்கள், மூடாதீர்கள், தீயைக் குறைக்காதீர்கள். சட்டி சிறியது என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் கறி தன் தண்ணீரிலேயே வேகும். உங்களுக்கு நடந்தது அதுதான். தக்காளியும் அதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. முதலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும். ஐந்தாறு நிமிடத்தில் அது அடங்கி, எண்ணெயில் பொரிகிற சத்தம் வரும். காதை வைத்துக்கொண்டு காத்திருங்கள். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டால் அடி சிவந்து, ஓரம் மொறுமொறுப்பாகும். பன்றிக்கறியில் நடுவில் இளஞ்சிவப்பு மிச்சம் இருக்கக்கூடாது. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 71 டிகிரி செல்சியஸ் கணக்கு.

கறியிலிருந்தே கொழுப்பு உருகி நிற்கும். அதில் எட்டுப் பல் பூண்டு, ஓர் அங்குல இஞ்சி, மூன்று வரமிளகாய், எல்லாம் பொடியாக நறுக்கியது. விழுது வேண்டாம், அதுவும் தண்ணீர்தான். வாசனை வந்ததும் மசாலாப் பொடி, இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. சர்க்கரை உருகிக் கறியில் ஒட்டியதும், இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸைச் சட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். உப்புக்கு வேறெதுவும் தேவைப்படாது.

நூடுல்ஸ் 200 கிராம். பாக்கெட்டில் போட்டிருப்பதைவிட ஒரு நிமிடம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள், சட்டியில் மிச்சம் வெந்துகொள்ளும். வடிக்கும்போது அரைக் கரண்டி தண்ணீரை எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் மாவுச்சத்துதான் சாஸை நூடுல்ஸில் ஒட்டவைக்கிறது. எல்லாவற்றையும் ஒரு நிமிடம் புரட்டி, இறக்கி, வெங்காயத்தாள் தூவி, எலுமிச்சை பிழியுங்கள்.

உங்கள் மகன் கேட்டது பக் சோர் மீயாக இருக்கலாம். பக் என்றால் இறைச்சி, சோர் கொத்தியது, மீ நூடுல்ஸ். அதில் கறுப்பு வினிகர் சேரும். திரும்பி வரும்போது ஒரு பாட்டில் வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த மாதிரி நூடுல்ஸில் நல்லெண்ணெய் ஊற்றினேன், ஹோட்டல் வாசனை வரவே இல்லையே?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: வராது தம்பி. அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்த எண்ணெய். நம் செக்கில் பச்சை எள் ஆடுகிறது. வாசனைக்கு ஒரு கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, கடைசியில் தூவு. வறுத்த எள்ளெண்ணெய் கிடைத்தாலும் தாளிக்காதே, இறக்கியபின் அரைத் தேக்கரண்டி விட்டால் போதும்.

கேள்வி: மாமியார் பன்றிக்கறியை அடுப்படிக்குள் விடமாட்டார். ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாக. ஆனால் ஆட்டுக்கறி வேக நேரம் பிடிக்கும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் மெத்தென்று வேகவைத்து, தண்ணீரை வற்றவிட்டு, அப்புறம் சிவக்க வறுங்கள். சூடாகவே பரிமாறுங்கள். ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறைந்துவிடும், ஆறினால் உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டும். பன்றிக்கொழுப்புக்கு அந்தத் தொல்லை குறைவு. கோழிக் கொத்துக்கறி என்றால் எண்ணெயை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலும் காடை, நண்டு, கோழி எல்லாம் உண்டு, பன்றி மட்டும் உள்ளே வந்ததில்லை. இரண்டாங்கட்டுக்குப் பின்னால் ஒற்றை கேஸ் அடுப்பு ஒன்று போட்டிருக்கிறேன். அந்த இருப்புச்சட்டிக்கும் அங்கேதான் குடியிருப்பு. மாமியாரிடம் அதைக் கேட்டுப் பாருங்களேன்.